வேட்டி, எஃகு, கோழி

2012 மே 7. இங்கிலாந்தின் வடமேற்கில், பிளாக்பர்ன் நகரின் ஈவுட் பார்க் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது களத்துக்குள் ஒரு கோழி ஓடியது. அதன் முதுகில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பின் கொடியைப் போர்த்திவிட்டிருந்தார்கள். அன்று விகன் அணியிடம் 1-0 என்று தோற்ற ரோவர்ஸ், பிரிமியர் லீகை விட்டு வெளியேறியது. கோழி யாருக்கு விடப்பட்ட தூது என்பதில் அரங்கில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கிளப்பின் சொந்தக்காரர்கள் புனேயில் கோழி வியாபாரம் செய்பவர்கள்.

அதற்கு 18 மாதங்கள் முன்பு, 2010 நவம்பரில், வெங்கீஸ் குழுமம் 2.3 கோடி பவுண்டுக்கு அந்தக் கிளப்பை வாங்கியது. பிரிமியர் லீக் கிளப் ஒன்று இந்திய நிறுவனத்தின் கைக்கு வந்தது அதுவே முதல் முறை. வெள்ளைக்காரனின் விளையாட்டை நம்மவர் விலைக்கு வாங்கிவிட்டார் என்று இங்கே பலர் மார்தட்டிக்கொண்டார்கள். வாங்கப்பட்டது எது என்று கேட்டவர்கள் குறைவு.

பிளாக்பர்னுக்கும் இந்தியாவுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அன்று தொடங்கியதல்ல. நூற்பில் புரட்சி செய்த 'ஜென்னி' இயந்திரத்தை உருவாக்கிய ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் அந்த ஊரின் பக்கத்துக் கிராமத்துக்காரர். 19ஆம் நூற்றாண்டில் லங்காஷயரின் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு துணிக்குப் பெயர் போனது. பிளாக்பர்னின் தறிகள் முக்கியமாக நெய்தது வேட்டி. தன் வாழ்நாளில் வேட்டியே கட்டியிராத ஓர் ஊர், கரை வைத்த வேட்டியை நெய்து கப்பலேற்றி, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் அனுப்பிச் செழித்தது. இந்திய நெசவாளியின் தறி ஓய்ந்ததற்கு அந்தச் செழிப்பும் ஒரு காரணம்.

அந்தச் செழிப்பில்தான் 1875ல் ரோவர்ஸ் பிறந்தது. தொடங்கியவர்கள் ஆலைத் தொழிலாளிகள் அல்லர். ஊரின் கிராமர் ஸ்கூலில் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள். தொழிலாளிகளின் அணி வேறு. அதன் பெயர் பிளாக்பர்ன் ஒலிம்பிக். 1883ல் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்தில், சீமான்களின் பள்ளியான ஈட்டனின் பழைய மாணவர்களை இந்த அணி லண்டனில் 2-1 என்று வீழ்த்தியது. ஜெயித்த அணியில் நெசவாளியும் நூற்பாளியும் இரும்பு வார்ப்படத் தொழிலாளியும் இருந்தார்கள். கால்பந்து கனவான்களின் கையை விட்டு நழுவிய நாள் அது என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

ஆனால் ஒலிம்பிக்கால் அந்த வெற்றியை வைத்துப் பிழைக்க முடியவில்லை. பக்கபலமாகப் பணம் வைத்திருந்த ரோவர்ஸ், ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து 1884, 1885, 1886 என்று தொடர்ந்து மூன்று முறை கோப்பையை வென்றது. 1885ல் சம்பளத்துக்கு ஆடுவது சட்டபூர்வமானதும் பணமில்லாத அணிகள் தள்ளாடின. 1889ல் ஒலிம்பிக் கடையைக் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு உலகின் முதல் கால்பந்து லீகைத் தொடங்கிய 12 கிளப்களில் ரோவர்ஸ் ஒன்று. திறமையாலும் உழைப்பாலும் என்பது அந்தக் கிளப்பின் லத்தீன் முழக்கம். ஊரின் முழக்கமும் அதுதான். மூன்றாவதாகப் பணம் என்ற சொல்லையும் சேர்த்திருக்கலாம் என்பதை ஒலிம்பிக்கின் கதை அப்போதே சொல்லிவிட்டது.

1912லும் 1914லும் ரோவர்ஸ் லீக் சாம்பியன். லங்காஷயர் துணி ஏற்றுமதி சிகரத்தைத் தொட்டதும் அதே காலத்தில்தான். பிறகு முதல் உலகப் போர் வந்தது. சந்தை கை மாறியது. பம்பாய், ஆமதாபாத் ஆலைகள் வளர்ந்தன. ஜப்பான் துணி மலிவாக வந்து இறங்கியது. இறக்குமதி வரி ஏறியது. கடைசியில் அன்னியத் துணி பகிஷ்காரம். மதுரையிலும் சென்னையிலும் ஜவுளிக்கடை வாசலில் மறியல் நடந்தபோது, பிளாக்பர்னில் ஆலைகள் ஒவ்வொன்றாகப் புகை நிறுத்தின.

1931 செப்டம்பரில் வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் சென்ற காந்தி, பிளாக்பர்னை ஒட்டியுள்ள டார்வெனுக்கு வந்தார். தங்கள் வேலை போவதற்குக் காரணமானவர் என்று சொல்லப்பட்டவரை ஆலைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்யும் புகைப்படம் இன்றும் பிரசித்தம். அவர்களுடைய கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்ட காந்தி, இந்தியக் கிராமத்தின் பட்டினியையும் எடுத்துச் சொன்னார். இரு பக்கத்து ஏழைகளும் ஒரே தறியின் இரு முனைகளில் கட்டப்பட்டிருந்தார்கள்.

1928ல் ஆறாவது முறையாக எஃப்.ஏ. கோப்பையை வென்ற ரோவர்ஸ், 1936ல் முதன்முறையாக முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. ஆலை மூடியதால்தான் அணி தோற்றது என்று கணக்குப் போட முடியாது. ஆனால் சனிக்கிழமை டிக்கெட்டுக்குக் காசு இல்லாத ஊரில் கிளப் எத்தனை நாள் தலைநிமிர்ந்து நிற்கும்? போருக்குப் பிறகு ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வந்தன. 1966ல் மறுபடியும் முதல் டிவிஷனை இழந்து, 1971ல் மூன்றாம் டிவிஷன் வரை சரிந்தது. முதல் வரிசைக்குத் திரும்ப 26 ஆண்டுகள் பிடித்தன.

திரும்ப அழைத்து வந்தவர் ஜாக் வாக்கர். பிளாக்பர்னில் பிறந்தவர். அப்பாவின் சிறிய தகரப் பட்டறையைச் சகோதரருடன் சேர்ந்து பிரிட்டனின் பெரிய எஃகு வியாபாரமாக வளர்த்தார். பிறகு அதை 30 கோடி பவுண்டுக்கு மேல் விலை பேசி பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு விற்றார். வரிக்குப் பயந்து ஜெர்சி தீவில் குடியேறியிருந்தாலும் அவருடைய சனிக்கிழமைகள் ஈவுட் பார்க்கில்தான். 1991ல் கிளப் அவர் வசம் வந்தது. லிவர்பூலுக்குப் பட்டங்கள் குவித்த கென்னி டால்கிளிஷ் மேனேஜராக வந்தார். 1992ல் ஆலன் ஷியரர், 1994ல் கிறிஸ் சட்டன். இருவர் விலையுமே அந்தந்த நேரத்தில் பிரிட்டிஷ் சாதனை. பழைய அரங்கம் இடிக்கப்பட்டு 30 ஆயிரம் பேர் உட்காரும் புதிய அரங்கம் எழுந்தது.

1995 மே 14 அன்று கிளைமாக்ஸ். லிவர்பூலில் ரோவர்ஸ் கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி 2-1 என்று தோற்றது. முகம் தொங்கிய அதே நேரத்தில் லண்டனிலிருந்து செய்தி வந்தது: மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமிடம் டிரா. 89க்கு 88 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 81 ஆண்டுகளுக்குப் பிறகு ரோவர்ஸ் சாம்பியன். லட்சம் பேர் சொச்சம் வசிக்கும் ஊர் அது. பிரிமியர் லீகை வென்ற கிளப்களை இன்றுவரை ஒரு கையும் இரு விரலும் கொண்டு எண்ணிவிடலாம். மற்றவற்றில் பெரும்பாலானவை மாநகரங்களின் கிளப்கள்.

காசு கொடுத்து வாங்கிய பட்டம் என்று அப்போது கேலி செய்தார்கள். பிற்காலத்தில் ரஷ்யப் பணமும் வளைகுடாப் பணமும் வந்தபோது அந்தக் கேலி ஓய்ந்தது. வாக்கரின் பணமும் ஒரு முதலாளியின் பணம்தான். ஆனால் தோற்றால் அவர் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவருடைய கூடப் படித்தவர்களும் அண்டை வீட்டாரும். அந்தக் கூச்சம் ஒரு காவல். அதுவும் நிரந்தரமல்ல என்பது வேறு விஷயம்: 1996ல் ஷியரர் 1.5 கோடி பவுண்டுக்கு நியூகாசிலுக்குப் போனார். 1999ல், பட்டம் வென்ற நான்காம் ஆண்டிலேயே, ரோவர்ஸ் இறங்கியது. 2000 ஆகஸ்டில் வாக்கர் காலமானார். அடுத்த ஆண்டு அணி மேலேறியதையோ, 2002ல் லீக் கோப்பையை வென்றதையோ அவர் பார்க்கவில்லை. அவருடைய குடும்ப டிரஸ்ட் பத்தாண்டுகள் கிளப்பைக் காப்பாற்றிவிட்டு, வாங்க ஆள் தேடியது.

வந்தவர்கள் சாதாரண வியாபாரிகள் அல்லர். பி.வி. ராவ் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரிஸ்தான் இந்தியாவில் கோழிப் பண்ணையைக் கொல்லைப்புறத்திலிருந்து தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனதில் முன்னணியில் நின்றது. நாமக்கல்லில் நாள்தோறும் முட்டை விலை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவானதிலும் ராவின் பங்கு பெரிது. கோழியைக் கரைத்துக் குடித்தவர்கள் அவருடைய வாரிசுகள். கால்பந்து அப்படியல்ல என்பது சீக்கிரமே தெரிந்தது.

வாங்கிய ஒரு மாதத்துக்குள், அணியை லீகின் நடுவரிசையில் வைத்திருந்த அனுபவசாலி சாம் அல்லார்டைஸ் நீக்கப்பட்டார். அவருடைய பயிற்சிக் குழுவில் இருந்த ஸ்டீவ் கீன் மேனேஜரானார். ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறையில் கோழிக்கால் கடிக்கும் விளம்பரப் படம் வந்தது. 2011 அக்டோபரில் அணி புனேக்குப் பறந்து நட்பு ஆட்டம் ஆடியது. ஊரில் கண்டன ஊர்வலங்கள் நடந்தன. இறங்கிய பிறகு மேனேஜர் நாற்காலி சுற்றிக்கொண்டே இருந்தது. 1995ல் பட்டம் வென்ற அணியில் ஆடிய ஹென்னிங் பெர்க் மேனேஜராக நீடித்தது 57 நாள். 2017 மே மாதம், கடைசி ஆட்டத்தில் 3-1 என்று ஜெயித்தும் கோல் வித்தியாசத்தில் ரோவர்ஸ் மூன்றாம் டிவிஷனுக்குச் சரிந்தது. பிரிமியர் லீக் பட்டம் வென்ற ஒரு கிளப்புக்கு அந்தக் கதி நேர்ந்தது அதுவே முதல் முறை. ஓராண்டில் மீண்டு வந்ததுதான் ஆறுதல்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் கிளப்பைக் கைவிட்டு ஓடவில்லை. ஆண்டுக்காண்டு நஷ்டத்தை ஈடுகட்டினார்கள். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பரி கிளப், சொந்தக்காரரால் கடனைச் சமாளிக்க முடியாமல் 2019ல் லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அந்த விதி ரோவர்ஸுக்கு வரவில்லை. ஆனால் கிளப்பின் உயிர் மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதும் வெளிப்பட்டது. 2023ல் புனேயிலிருந்து பிளாக்பர்னுக்குப் பணம் போக டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. நூறாண்டுக்கு முன் வேட்டி விற்குமா என்று இந்தியாவைப் பார்த்துக் காத்திருந்த ஊர், பணம் வருமா என்று மீண்டும் இந்தியாவைப் பார்த்தது.

ஊரும் மாறிவிட்டது. 1950களிலும் 60களிலும் எஞ்சியிருந்த ஆலைகளின் இரவு ஷிப்டுக்கு ஆள் தேவைப்பட்டபோது குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பிளாக்பர்ன்காரர்கள். 2022ல் ஈவுட் பார்க் புல்தரையில் ரம்ஜான் பெருநாள் தொழுகை நடந்தது. இங்கிலாந்தில் ஒரு கால்பந்து கிளப் தன் ஆடுகளத்தை இதற்காகத் திறந்துவிட்டது அதுவே முதல் முறை. இந்தியாவுக்கும் ரோவர்ஸுக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் புனேயை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வரிசைகளையும் பார்க்க வேண்டும்.

ஆடம் வார்ட்டன் பிளாக்பர்னில் பிறந்தவர். சிறு வயதிலேயே கிளப்பின் பயிற்சிக் கூடத்துக்குள் வந்தவர். 2024 பிப்ரவரியில் கிரிஸ்டல் பேலஸ் அவரை வாங்கியது. 2025 மே மாதம் அவர் ஆடிய பேலஸ் அணி எஃப்.ஏ. கோப்பையை வென்றது, ரோவர்ஸ் அதைக் கடைசியாக வென்று 97 ஆண்டுகள் ஆகியிருந்தன. பிளாக்பர்ன் இன்னமும் நல்ல சரக்கை நெய்கிறது. உடுத்துவது வேறு ஊர்.

கிளப் யாருடையது என்ற கேள்விக்குப் பத்திரப்படி பதில் சுலபம். 2025ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்தப் பதில் போதாது என்று முடிவு செய்தது. அது நிறைவேற்றிய சட்டத்தின்படி கால்பந்துக்கென ஒரு சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்பு ஏற்படுகிறது. கிளப்பை வாங்க வருபவர் தகுதியானவரா, பணம் எங்கிருந்து வருகிறது என்று அது கேட்கும். ரசிகர்களைக் கலந்து பேசும்படி சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தும். மைதானத்தை விற்பதற்கும் சட்டையின் நிறத்தை மாற்றுவதற்கும் தடைகள் உண்டு. நல்ல மேனேஜரைத் தேர்ந்தெடுக்கும் புத்தியை எந்தச் சட்டத்தாலும் ஒரு முதலாளிக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பல ஆயிரம் மைல் தள்ளி எடுக்கப்படும் ஒரு முடிவுக்கு முன், சனிக்கிழமைதோறும் டிக்கெட் வாங்கும் நெசவாளியின் பேரனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. 1875 முதல் அந்த ஊரில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.