வேலை நின்ற இடம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் மோட்டார் வாகனங்கள் இரவு பகலாக உற்பத்தியாகின்றன. அவற்றில் ஏறி மாமல்லபுரம் போய்வர மட்டும் அங்குள்ள குடும்பங்களுக்கு அவகாசம் கிடைப்பதில்லை! இந்தக் குறையைப் போக்குவதென்று உபாத்தியாயர்களாகிய நாங்கள் இருவர் தீர்மானித்தோம். ஒரு ஞாயிறன்று மாணவர்களும் பெற்றோர்களுமாக முப்பது பேர், புளியோதரை மூட்டைகள் சகிதம் புறப்பட்டோம். சிங்கப்பெருமாள் கோயில், செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் எல்லாம் ஜன்னல் வழியாகவே தரிசனமாயின.

ஐந்து ரதங்களின் முன்னால் எங்கள் பிரசங்கம் ஆரம்பமாயிற்று. பாண்டவர் பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை. திரௌபதி ரதத்தின் உள்ளே இருப்பவள் துர்க்கை. ஓலைக் குடிசையும், வண்டிக் கூரையும், தூங்கானை மாடமும் இங்கே கல்லுருவம் பெற்றிருக்கின்றன. இவை முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில் தொடங்கப்பட்டவை என்பது பலர் கொள்கை. எல்லாம் ராஜசிம்மன் காலத்தவையே என்று 1962-ல் வாதித்தவர் டாக்டர் இரா. நாகசாமி. பையன்கள் கொட்டாவி விட்டார்கள். நியாயந்தான்!

அப்போது ஒரு மாணவனின் தகப்பனார் தர்மராஜ ரதத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். தொழிற்சாலையொன்றில் பிட்டர் வேலை பார்ப்பவர். அவருடைய பையன் பள்ளியில் தகப்பனாரின் தொழிலைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

“சார், மேலே எல்லாம் முடிந்திருக்கிறது. கீழேதான் பாக்கி. உச்சியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்கள்” என்றார் அவர்.

“ஆமாம் ஐயா, சாரம் கட்டியிருப்பார்களோ?”

“எதற்கு சார்? செதுக்காத கல்லே நிற்க இடம் கொடுத்திருக்குமே! நாங்கள் உதிரிப் பாகங்களைச் சேர்க்கிறோம். ஒன்று கெட்டால் வேறொன்று மாட்டலாம். இவர்கள் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிங்கத்தின் மூக்கு உடைந்தால் வேறு மூக்குக்கு எங்கே போவது?”

இருபது வருஷமாக ராஜாக்களின் பெயரையே ஒப்பித்துவந்த எங்களுக்கு இது சுருக்கென்று பட்டது. அதன்பின் வழிகாட்டும் பதவியை அவரிடமே ஒப்படைத்தோம்.

கோனேரிப் பள்ளத்தருகே புலிப்புதரில், அரைகுறையாக நிற்கும் குகை மண்டபத்துக்கு எல்லாரையும் அழைத்துப் போனோம். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே அதிகம் எட்டிப்பார்ப்பதில்லை. எங்களுக்கோ அன்றைய தினத்தில் அதுவே பிரதானமாயிற்று. பாறை முகத்தில் சதுரம் சதுரமாக ஆழ்ந்த கோடுகள். சுற்றிலும் பள்ளமிட்டு, நடுவில் எஞ்சிய கட்டியைத் தட்டி எடுத்து, மறுபடி சதுரம் வகுத்து உள்ளே போயிருக்கிறார்கள். பிட்டர் ஒரு பள்ளத்தில் விரலை ஓட்டினார். பையனும் ஓட்டினான்.

கடற்கரைக் கோயிலில் மாலை வெயில். இது குடைந்ததன்று, ராஜசிம்மன் காலத்தில் கல் அடுக்கிக் கட்டியது. உப்புக் காற்று தின்ற நந்திகளின் வரிசையைக் கண்டு எங்கள் நண்பர் பெருமூச்செறிந்தார். 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இவ்வூர்ச் சிற்பங்களுடன் சேர்க்கப்பட்ட கோயில் இது. குழந்தைகளோ அலையில் கால் நனைப்பதற்குத்தான் அனுமதி கேட்டன.

இரவு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பிட்டர் ஒரகடத்தில் இறங்கிக்கொண்டார். மறுநாள் அவர் பையன் தர்மராஜ ரதத்தின் படத்தை வரைந்து கொண்டுவந்தான். அடிப்பாகத்தில் வெறும் கோடுகள்தாம் இருந்தன.

“இதை ஏன் அப்பா முடிக்கவில்லை?” என்றோம்.

“அங்கே இன்னும் வேலை முடியவில்லையே, சார்!” என்றான்.