சீரம் போட்டால் நிறம் வருமா?


சீரம் போட்டால் நிறம் வருமா டீச்சர் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கரும்பில் உள்ள கிளைகாலிக் அமிலமும் தயிரில் உள்ள லாக்டிக் அமிலமும் ஒரே குடும்பம்: ஆல்ஃபா ஹைட்ராக்சி அமிலங்கள். தோலின் மேலுள்ள இறந்த செல்களை உதிர்க்கும். முகம் வழவழப்பாகும், பளிச்சென்று இருக்கும். பிறவி நிறம் மாறாது. வெயில் மட்டும் சீக்கிரம் சுடும். பூசுவதை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் கவனம் தேவை. சன்ஸ்கிரீன் இல்லாமல் நம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்தால் கருமைதான் கூடும்.

1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லை விட்டது. நம் வீடுகள் இன்னும் விடவில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் பேத்தியைப் பார்த்து, “களையா இருக்கா, கலர்தான் கம்மி” என்றார் ஓர் உறவினர். அன்றிரவே அவள் சீரம் தேடினாள். தோலுக்காகப் பூசட்டும்; நம் வாய்க்குப் பயந்து பூச வேண்டாம்.