மேடையில் ஐந்து நிமிஷம்

மேடைப் பேச்சு என்றாலே நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குரல்தான். கரகரப்பு, அடுக்குமொழி, நடுவில் ஒரு செருமல், உடனே கைதட்டல். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்கிறது. 'எனக்குக் குரல் கிடையாதுங்க' என்று பாதிப்பேர் ஒதுங்கிப் போவதும் இதனால்தான்.

குரல் இல்லாத ஒருவர் கதை சொல்கிறேன். 1896-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த காந்தி, அங்குள்ள இந்தியர்களின் நிலை பற்றி பம்பாயில் பேச வேண்டும். எழுதிக்கொண்டு போகச் சொன்னவர் பெரோஸ்ஷா மேத்தா. பேச்சு ராத்திரியோடு ராத்திரியாக அச்சாகிறது. மேடையில் காந்திக்கு நடுக்கம். மேத்தா 'உரக்க, உரக்க' என்று உற்சாகப்படுத்த, குரல் இன்னும் உள்ளே போகிறது! கடைசியில் தின்ஷா வாச்சா வாங்கிப் படித்த பிறகுதான் கூட்டம் அடங்கியது.

அடுத்த மாதம் சென்னை, பச்சையப்பன் மண்டபம். ஏறக்குறைய அதே விஷயம்தான், அச்சடித்த பேச்சுதான், நீளமும்கூட. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கவனித்துக் கேட்டார்கள் என்று சுயசரிதையில் எழுதுகிறார். காரணம் பாலசுந்தரம். டர்பனில் முதலாளி அடித்து, முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு காந்தியிடம் வந்து நின்ற தமிழ் ஒப்பந்தக் கூலி. சென்னைக்காரர்களுக்கு அவன் நம்ம வீட்டுப் பிள்ளை. கூட்டம் முடிந்ததும் காந்தியின் 'பச்சைப் புத்தகத்துக்கு' அடிதடி. (அந்த வேகத்தில் 10,000 பிரதி மறுபதிப்பு போட்டார். அவ்வளவு தேவைப்படவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்!) சென்னையில் அவருக்கு ரொம்ப உதவியவர் 'மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்' ஆசிரியர் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை, ஒரு மலையாளி என்பதையும் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லாமல் விட முடியாது.

இதைத் தோண்டி எடுக்கக் காரணம் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. சுள்ளிக்கல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வைக்கும் பொங்கலில் ஐந்து நிமிஷம் தமிழில் பேச வேண்டும். தமிழ் பேசுவாள், எழுத வராது. 'தமிழின் பெருமை' என்று யாரோ எழுதியதை மலையாள எழுத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டு நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்கவே பாவமாக இருந்தது.

"இதுல உனக்குத் தெரிஞ்சது எதும்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா."

சனிக்கிழமை ஃபோர்ட் கொச்சி வெளியில் இருக்கும் தோபி கானாவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே துவைக்கிற வண்ணார் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். வீட்டில் இன்னும் தமிழ்தான். க்ளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகிக் காயப்போடுவதை வாயைப் பிளந்து பார்த்தாள். அவளே கேள்வி கேட்டாள், அவளே சீட்டில் நாலு சொல் குறித்தாள்.

பாக்கி பயிற்சி என் பேங்க் அனுபவம். குடும்பஶ்ரீ பெண்களிடம் கடன் பற்றி மலையாளத்தில் பேசப் போகும்போது முதல் வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் வரும்படி வைத்துக்கொள்வேன். மற்றது சீட்டில் நாலு சொல். 'வட்டி' என்று சொல்வதே இல்லை, 'பலிச'தான். இங்கே வட்டி என்றாலே கந்துவட்டிக்காரன் வாசனை அடிக்கும். வாய்விட்டு மூன்று முறை, கடிகாரம் வைத்து, நின்றுகொண்டு. கண்ணாடி முன்னால் வேண்டாம், மூஞ்சியைப் பற்றிய கவலைதான் வரும் :-) அடுக்களையில் அம்மா வேலை செய்யும்போது சொல்லிப் பார்க்கச் சொன்னேன். அவள் தாளிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த இடங்களை வைத்துக்கொண்டோம், மற்றதை வெட்டிவிட்டோம்.

பொங்கலன்று குரல் கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. ஒரு இடத்தில் தமிழ்ச் சொல் வராமல் மலையாளத்தில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. இறங்கியதும் ஒரு பெரியவர், "கயிறு முறுக்குறத சரியாச் சொன்னே தாயி, கஞ்சி போடுறத விட்டுட்டியே" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நாங்கள் பந்திக்குக் கூப்பிட்டும் இரண்டு பேரும் எழுந்து வரவில்லை.