பிழை இருந்த இடம்

இயந்திரங்களைப் பற்றி எழுத இவருக்கு என்ன வந்தது என்று அன்பர்கள் வியக்கக் கூடும். மதரஸாவில் நஹ்வும் ஸர்ஃபும், மாலை வேளைகளில் தமிழும் சொல்லிக் கொடுத்துக் காலந்தள்ளிவரும் நமக்குச் சைக்கிளின் செயின் கழன்றால் மாட்டத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஆயினும், 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஷார்ஜாவிலுள்ள ஒரு கார்ப் பட்டறையில் மூன்று நாட்கள் நாற்காலி போட்டு அமர்ந்து நாம் கற்றுக்கொண்ட பாடத்தை எழுதாமல் விடுவது நன்றியாகாது என்று தோன்றிற்று.

நம் தங்கை மகன் அங்கே தொழிற்பேட்டைப் பகுதியில் பட்டறை நடத்துகிறான். வேகத்தில் மோகம் கொண்ட அரபு இளைஞர்களின் கார்களைப் பிரித்து, எஞ்சினின் வலிமையைக் கூட்டித் தருவது அவன் தொழில். நாம் சென்ற மறுநாள், 3 லிட்டர் கொள்ளளவும் 6 உருளைகளும் கொண்ட ஒரு ஜப்பானியக் கார் வந்து நின்றது. உள்ளூர் இளைஞர் ஒருவர் அதன் சொந்தக்காரர். டர்போ என்னும் கருவியைப் பெரிதாக மாற்றிப் பொருத்திய வண்டி அது.

டர்போ என்றால் என்னவென்று மருமகனிடம் வினவினோம். எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் விசையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஊட்டுவதே டர்போ. ஆல்ஃபிரட் பூஹி என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் இது இடம்பெற்றது 1962இல், அமெரிக்காவில். வீணாகப் போகும் மூச்சை வேலை வாங்கும் இந்த உபாயம் நம்மைப் பெரிதும் கவர்ந்தது.

"ஆனால் மாமா, காற்று கூடினால் எண்ணெயும் கூட வேண்டும். கூடாவிட்டால் எஞ்சின் செத்தது" என்றான் மருமகன்.

அதன் கணக்கையும் விளக்கினான். பெட்ரோல் மிச்சமின்றி எரிவதற்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ முழு வேகத்தில் காற்றைத் திணிக்கும்போதோ, உள்ளே வெப்பம் மிகாதிருக்கும் பொருட்டுப் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக விட்டு, ஒன்றுக்குப் பதினொன்றரை என்னும் அளவில் வைப்பார்கள். பெட்ரோல் குறைந்துவிட்டால் கலவை உரிய கணத்துக்கு முன்பே தானாக வெடிக்கும். சில நொடிகளில் பிஸ்டன் உருகித் துளையாகிவிடும். வந்து நின்ற வண்டியில் அந்த ஆபத்தே தலைகாட்டியிருந்தது. மூன்றாம் கியரில் 5000 சுற்றுக்கு மேல் போனால் வண்டி திணறிற்று. கலவையைக் காட்டும் மானி 13.4 என்றது.

எரிபொருள் அழுத்தம் குறைகிறது என்பது தெரிந்துவிட்டது. ஏன் குறைகிறது என்பதே கேள்வி.

இங்கேதான் ஒரு மனிதன் உள்ளே வருகிறான். பட்டறையில் இருபது வயது இளைஞன் ஒருவன் உதவியாளாக இருந்தான். நம் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை. வாப்பா இல்லாத வீட்டின் மூத்த மகன். முந்திய வாரம் அந்த வண்டிக்குப் பெட்ரோல் ஃபில்ட்டரை மாற்றியவன் அவனே. மாற்றிய இரண்டாம் நாள் வண்டி திணறத் தொடங்கியது. வேறென்ன வேண்டும்? "ஃபில்ட்டரைத் தலைகீழாக மாட்டியிருப்பான், அல்லது குழாயை மடக்கி வைத்திருப்பான்" என்று மருமகன் சினந்தான். எஞ்சினுக்கு ஏதேனும் நேர்ந்தால் இழப்பை அவன் சம்பளத்தில் பிடிப்பதாகவும், மாத முடிவில் ஊருக்கு அனுப்பிவிடுவதாகவும் அவன் முகத்துக்கு நேரே சொன்னான். பையன், "காக்கா, நான் சரியாகத்தான் மாட்டினேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

அந்தத் தலைகுனிவு நம்மை எங்கோ கொண்டு போயிற்று. 1998ஆம் ஆண்டு, நம் வகுப்பில் ஒரு கிதாபு காணாமற் போனது. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்த பதினோரு வயதுப் பிள்ளையை நாம் பிரம்பால் அடித்தோம். அவனும் இவ்வாறே ஒருமுறை மறுத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். பத்து நாட்களுக்குப் பின் அந்தக் கிதாபு நம் வீட்டுப் பரணில், நாமே கட்டி வைத்த பொதியினுள் கிடைத்தது. அப்போது நாம் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியரின் மரியாதை தடுத்தது.

ஆதலால் மருமகனிடம் ஒன்றே ஒன்று கேட்டோம்: "தம்பி, இது உன் யூகமா, அல்லது சோதித்துக் கண்டதா?" அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சோதிக்கிறேன் மாமா" என்றான்.

அவன் சோதித்த முறையைக் கண்டபோது நமக்கு மெய்சிலிர்த்தது. உஸூல் கலையில் ஒரு சட்டத்தின் காரணத்தைக் கண்டறிய 'ஸப்ர், தக்ஸீம்' என்றொரு வழியைச் சொல்லிக் கொடுக்கிறோம். காரணமாக இருக்கக் கூடியவை அனைத்தையும் முதலில் வகுத்து வைப்பது தக்ஸீம். ஒவ்வொன்றாக ஆராய்ந்து தகாதவற்றை நீக்குவது ஸப்ர். ஸப்ர் என்னும் சொல்லுக்குப் புண்ணின் ஆழத்தைக் கோல் விட்டு அளத்தல் என்பதும் பொருள். காரணத்தைக் குறிக்கும் 'இல்லத்' என்னும் சொல்லுக்கோ நோய் என்றும் பொருளுண்டு. இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய இந்தப் பாடத்தை எண்ணெய்க் கறை படிந்த கைகள் நடத்திக் காட்டக் கண்டோம்.

முதலில் பெட்ரோல் செல்லும் பாதையை அவன் நமக்கு விளக்கினான். தொட்டிக்குள் மின்சாரப் பம்பு இருக்கிறது. அங்குள்ள அரபிகள் அதைத் 'தரம்பா' என்கிறார்கள். கிதாபுகளில் நாம் கண்டிராத சொல். பம்பு தள்ளும் பெட்ரோல் ஃபில்ட்டரைக் கடந்து, இன்ஜெக்டர்கள் வரிசையாகப் பொருந்திய குழலை அடைகிறது. அதன் முடிவிலுள்ள ரெகுலேட்டர் வேண்டிய அழுத்தத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. டர்போ எவ்வளவு காற்றழுத்தம் தருகிறதோ, அதே அளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ரெகுலேட்டர் உயர்த்த வேண்டும். அடிப்படை 3 பார், டர்போ 1.2 பார் எனில், குழலில் 4.2 பார் இருந்தாக வேண்டும். அப்போதுதான் இன்ஜெக்டரின் இருபுறத்துக்குமிடையே 3 பார் வேற்றுமை நிலைக்கும்.

இந்த வண்டியிலோ குழலில் 3.4 பார்தான் இருந்தது. வேற்றுமை 2.2 ஆகச் சுருங்கிவிட்டது. பாயும் அளவு அழுத்த வேற்றுமையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், பெட்ரோல் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறைகிறது. பதினொன்றரையாக இருக்க வேண்டிய அளவு 13.4 ஆனதன் கணக்கு இதுவே.

இனிச் சோதனைகள். மானியே பொய் சொல்லுகிறதா என்று முதலில் பார்த்தான். வேறொரு மானியை இணைத்தான். இரண்டும் ஒன்றையே சொல்லின. அடுத்து ரெகுலேட்டர். எஞ்சின் சும்மா ஓடும்போது அதன் காற்றுக் குழாயைக் கழற்றி அடைத்தான். 3 பார் காட்டிற்று. மீண்டும் மாட்டினான், எஞ்சினின் உறிஞ்சலால் 2.4க்கு இறங்கிற்று. கைப்பம்பால் அந்தக் குழாய் வழியே 1.2 பார் காற்றைச் செலுத்தினான், 4.2க்கு ஏறிற்று. ரெகுலேட்டர் குற்றமற்றது. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். அழுத்தம் சட்டென விழவில்லை. ஆகவே பம்பின் தடுப்பு வால்விலோ இன்ஜெக்டர்களிலோ கசிவில்லை.

இனி ஃபில்ட்டர். பையன் ஒரு மூலையில் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபில்ட்டருக்கு முன்னே ஒரு மானி, பின்னே ஒரு மானி என இரண்டைப் பொருத்தினான் மருமகன். வண்டியை உருளைகளின் மேல் கட்டி நிறுத்திப் பாரத்துடன் ஓட்டும் டைனோ என்னும் இயந்திரம் பக்கத்துப் பட்டறையில் இருந்தது. தீயணைக்கும் கருவியை அருகில் வைத்துக்கொண்டு, எஞ்சினுக்குக் கேடு வராதபடி ஓரிரு நொடிகளே முழு வேகம் கொடுத்தான். ஃபில்ட்டர் அடைத்திருந்தால் முன்னேயுள்ள மானியில் அழுத்தம் உயர்ந்து நிற்க, பின்னேயுள்ளதில் மட்டும் விழ வேண்டும். நடந்தது அதுவன்று. இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

குறை ஃபில்ட்டருக்கு முன்னால், தொட்டியின் பக்கம் இருக்கிறது. பையன் மாட்டியது சரியே. மருமகன் நம்மைப் பார்க்கவில்லை.

எஞ்சியவை பம்பும், அதன் வடிகட்டும் வலையும், அதற்கு வரும் மின்சாரமும். தொட்டியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை அளப்பது எளிது. பம்பின் இரு முனைகளிலிருந்தும் நீண்ட கம்பிகளை இழுத்து மல்ட்டிமீட்டரில் சேர்த்து, மீண்டும் டைனோவில் ஓட்டினான். பாட்டரியில் 13.9 வோல்ட், பம்பிலோ 10.8. வழியில் 3.1 வோல்ட் களவு போயிருக்கிறது. எந்த வழியில்? போகும் கம்பியை அளந்தால் இழப்பு 0.4தான். திரும்பும் வழியில், அதாவது எர்த் கம்பியில், 2.7.

டிக்கியின் விரிப்பைத் தூக்கி, எர்த் கம்பியை உடலோடு பிணைத்திருந்த போல்ட்டைக் கழற்றினான். கீழே பெயின்ட் சுரண்டப்படவே இல்லை. போல்ட்டின் மரைகள் வழியாகக் கிடைத்த சிறு தொடுதலில்தான் அத்தனை மின்சாரமும் இதுநாள் வரை ஓடியிருக்கிறது. அதுவும் சூடேறிக் கறுத்து, கடற்காற்றின் ஈரத்தில் களிம்பு பிடித்துக் கிடந்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் பெரிய பம்பைப் பொருத்தி, அந்தக் கம்பியைத் தன் கையால் முடுக்கியவன் மருமகனே.

அப்படியாயின், ஃபில்ட்டர் மாற்றிய வாரத்தில் ஏன் நோய் வெளிப்பட்டது? அதையும் அவனே சொன்னான். அதே வாரம் சொந்தக்காரரின் விருப்பப்படி டர்போவின் அழுத்தத்தை 0.9 பாரிலிருந்து 1.2ஆக உயர்த்தியிருந்தார்கள். பாரம் கூடியதும் பம்பு அதிக மின்சாரம் கேட்டது. மெலிந்த இடம் தாங்கவில்லை. எஞ்சின் சும்மா ஓடுகையில் பெட்ரோல் தேவை சிறிது. பலவீனமான பம்பும் அதற்குப் போதும். ஆகவே நின்ற நிலையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்று நேர்ந்ததைக் கண்டு, முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டியதுதான் அவன் செய்த தவறு. கடைசியாகக் கையில் வைத்திருந்தவனே தொலைத்தவன் என்று நாம் முடிவு கட்டியதும் அதுவே.

அப்போதும் அவன் அவசரப்படவில்லை. பாட்டரியிலிருந்து ஒரு தடித்த கம்பியைத் தற்காலிகமாகப் பம்பின் எர்த் முனைக்கு இழுத்து ஓட்டினான், அழுத்தம் 4.2க்கு எழுந்து நின்றது. அதை எடுத்துவிட்டு ஓட்டினான், மீண்டும் விழுந்தது. காரணம் உள்ளபோது விளைவும் உண்டு, அது நீங்கினால் விளைவும் நீங்கும் என்னும் இந்த அத்தாட்சியை நாங்கள் 'தவரான்' என்போம். அதன் பிறகே பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளியாய் மின்னும்வரை சுத்தம் செய்து, புதிய தடித்த கம்பியை முடுக்கிக் கிரீஸ் பூசினான். பம்பில் 13.5 வோல்ட் வந்தது. கலவை பதினொன்றரைக்குத் திரும்பிற்று. புதுப் பம்பு வாங்க வேண்டியிருக்கவில்லை. புது ஃபில்ட்டரும் வேண்டியிருக்கவில்லை.

அல்ஜஸரீ என்னும் பொறியறிஞர் 1206இல் எழுதி முடித்த நூலில், இரட்டை உருளைகளும் உறிஞ்சு குழாய்களும் கொண்ட நீரேற்றுப் பம்பு ஒன்றை விவரித்திருக்கிறார். அதை மருமகனிடம் சொல்லி அவன் மனத்தைத் திருப்பலாம் என எண்ணினோம். ஆனால் அவன் அதற்குள் எழுந்து பையனிடம் போய்விட்டான். மற்ற ஆட்கள் நால்வர் பார்த்திருக்க, "தம்பி, பிழை என்னுடையது. கேளாமல் உன்னைப் பேசிவிட்டேன். மன்னித்துக்கொள்" என்றான். பையன், "பரவாயில்லை காக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்பானர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினான். அவன் கை நடுங்கியதை நாம் கண்டோம்.

நம்மைவிட இருபது வயது இளையவன் ஒரு நிமிடத்தில் செய்ததை நாம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்யவில்லை. ஊர் திரும்பிய மறுவாரம் அந்தப் பழைய மாணவரின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனோம். இப்போது அவருக்கு இரண்டு பிள்ளைகள், கடைத்தெருவில் வியாபாரம். ஸலாம் சொல்லி அமர்ந்து, கிதாபு கிடைத்த கதையைச் சொன்னோம். அவர் வெகுநேரம் மௌனமாக இருந்தார்.

"அடி எப்போதோ மறந்துவிட்டது ஹஜ்ரத்" என்றார் பிறகு. "நான் சொன்னதை நீங்கள் கேட்கவில்லையே என்பதுதான் மறக்கவில்லை. இன்று வந்துவிட்டீர்கள், அதுவும் போயிற்று."

உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார். அருந்திவிட்டு எழுந்தோம்.