நான் சரிபார்க்கவில்லை

"இனிமே நீங்க எதைப் பாத்தாலும் ஆபீஸுக்குத் தெரியாதுக்கா." கணக்குப் பிரிவில் இருந்த ஒருவரிடம் இப்படிச் சொன்னவன் நான். அந்தப் பேச்சை நம்பியதற்கு அவர் வேலையை இழந்தார். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

துப்புரவு வேலை செய்த ஒப்பந்தப் பெண்களின் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்கள். கணக்கில் கட்டவில்லை. அவர்களுக்காகப் புகார் எழுத அக்கா தகவல் தேடினார். சொந்த லேப்டாப், அலுவலக வைஃபை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து என்னிடம் வந்தார்.

நெட்வொர்க் என் தொழில். வெளியே வாடகைக்கு வைத்திருந்த என் சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் டனல் போட்டுக் கொடுத்தேன். பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடுபோன பிறகு, 1995இல் ஃபின்லாந்தின் டாட்டு யுலோனென் எழுதிய கருவி அது. அதன்மேல் பழி போட வழியில்லை. ஃபயர்ஃபாக்ஸில் சாக்ஸ் 5 ப்ராக்ஸி, 127.0.0.1, போர்ட் 1080 என்று நிரப்பினேன். ஐபி முகவரி காட்டும் தளத்தைத் திறந்தேன். என் சர்வரின் முகவரி வந்தது. எழுந்துவிட்டேன்.

ப்ராக்ஸியை நிரப்பிய அதே திரையில் கீழே ஒரு சிறு கட்டம் இருந்தது. டிஎன்எஸ்ஸையும் ப்ராக்ஸி வழியே அனுப்பச் சொல்லும் கட்டம். அதில் நான் டிக் போடவில்லை. பக்கங்கள் டனலுக்குள் போயின. ஆனால் ஒவ்வொரு தளத்தின் பெயரையும் பிரவுசர் முதலில் அலுவலக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டது. போர்ட் 53இல் போவதை டிசிபிடம்ப் வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "நல்லாப் பாத்துட்டியா தம்பி?" என்று அக்கா கேட்கவும் செய்தார். என்னையே கேட்கிறாரே என்று சுருக்கென்றது. பார்த்துவிட்டதாகச் சொன்னேன். அது ஆணவம்.

நிர்வாகம் டிஎன்எஸ் பதிவுகளைக் கேட்டது. எடுத்துக் கொடுத்தது என் பிரிவு. பி.எஃப். தளமும் தொழிலாளர் வழக்கறிஞர்களின் தளங்களும் அக்காவின் லேப்டாப்புக்கு நேரே வரிசையாக இருந்தன. அவரிடம் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். புகாரில் கையெழுத்துப் போட இருந்த பெண்கள் பயந்து பின்வாங்கினார்கள். அவர்கள் பணம் வரவேயில்லை.

இதைவிடக் கேவலமானது இனிமேல்தான். கிளம்பும்போது அக்கா கேட்டார்: "நான்தான் டனலை ஆன் பண்ண மறந்துட்டேனோ?" பதிவுகளைப் பார்த்தவுடனேயே காரணம் எனக்குப் புரிந்திருந்தது. "இருக்கலாம்க்கா" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது.

2024இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 128 முதல், சாக்ஸ் 5 வைத்தால் டிஎன்எஸ்ஸும் தானாகவே ப்ராக்ஸி வழியே போகிறது. அதைப் படித்ததும், எல்லோரும் தவறவிடுகிற கட்டம்தானே என்று மனம் சமாதானம் தேடியது. அந்தச் சமாதானம் எனக்கு உரியதில்லை. கட்டத்தைப் பலர் தவறவிட்டிருக்கலாம். பழியை அக்காவின் தலையில் வைத்தவன் நான்.

பிறகு ஃபோன் செய்து அவரிடம் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுங்க முகத்தையாவது பாத்திருப்பேன்" என்றார். தன் கவனக்குறைவால் எல்லாம் கெட்டது என்று அவர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார். அவர்கள் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். அவர்களிடம் நான் இன்னும் போகவில்லை. போய்ச் சொல்லும்வரை இந்த வாக்குமூலம் பாதிதான்.