இயங்கலைப் பட்டப்படிப்பு: தரத்தை எப்படிக் கண்டறிவது?



பகுதி நேரமாக மேற்படிப்பைத் தொடர விரும்பும் இளைய ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டீச்சர், எந்தப் பல்கலைக்கழகத்தின் இயங்கலைப் படிப்பு நல்லது?” பிள்ளைகளை உயர்கல்விக்கு அனுப்பவிருக்கும் பெற்றோரும் இதையே வேறு சொற்களில் கேட்கின்றனர். நான் தமிழ்ப்பள்ளியில் படிநிலை ஒன்று மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. பல்கலைக்கழக விரிவுரையாளர் அல்லேன். ஆயினும், பணியில் இருந்துகொண்டே தொலைக்கல்வியில் பட்டம் பெற்றவள். அதன்பிறகும் சில பாடங்களை இயங்கலையில் படித்திருக்கிறேன். அந்தப் பட்டறிவோடு, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கற்ற பாடத்திட்ட அறிவையும் துணைக்கு வைத்துக்கொண்டு இதனை எழுதுகிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் கேட்டுத் தரத்தை அறிய முடியாது என்பதே என் கருத்து. ஒரே பல்கலைக்கழகத்தில் மிக நன்றாக அமைந்த பாடமும் இருக்கும். மாணவரை நட்டாற்றில் விடும் பாடமும் இருக்கும். ஆகவே, நாம் பார்க்க வேண்டியது பாடத்தின் அமைப்பை.

அவசரப் பாடமும் திட்டமிட்ட பாடமும்

நம் நாட்டுக்கு இது புதிதன்று. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டு, 2001-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அதன் தொடக்ககால மாணவர்களுள் பணியிலிருந்த ஆசிரியர்கள் பலர். 2014-இல் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இன உறவுகள், தொழில்முனைவு முதலிய நான்கு பாடங்களை எவரும் இணையத்தில் படிக்கும் வகையில் திறந்துவிட்டன.

பின்னர் 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அதனையடுத்துப் பாடங்கள் கணினித் திரைக்கு மாறின. அதே மாத இறுதியில், அமெரிக்கக் கல்வியாளர் சார்ல்ஸ் ஹாட்ஜசும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினர். நெருக்கடியில் நடத்தப்படும் தொலைநிலைக் கற்பித்தல் வேறு, முறையாகத் திட்டமிட்ட இயங்கலைக் கல்வி வேறு என்று அதில் பிரித்துக் காட்டினர். முழுமையான இயங்கலைப் பல்கலைக்கழகப் பாடம் ஒன்றைத் திட்டமிட்டு உருவாக்க வழக்கமாக 6 முதல் 9 மாதங்கள் ஆகும் என்பது அவர்கள் தரும் கணக்கு.

அவசரத்தில் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். நாமும் அப்போது புலனத்தில் பயிற்சித்தாள் அனுப்பிக் காலத்தை ஓட்டியவர்கள்தாம். ஆனால், அந்நாளில் பதிவு செய்த விரிவுரையே இன்றும் முழுக் கட்டணத்துக்குரிய பாடமாக வருமானால், அதனைக் கேள்வி கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு.

நோக்கம், பயிற்சி, மதிப்பீடு

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாள் பாடத்திட்டம் எழுதப் பழகிய நாள்களை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். ‘இப்பாட இறுதிக்குள் மாணவர்கள் வல்லினம் மிகும் இடங்களைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதினால், விரிவுரையாளர் ‘புரிந்துகொள்வர்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிடுவார். “அவனுக்குப் புரிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்பார். கூறுவர், எழுதுவர், வகைப்படுத்துவர், திருத்துவர் என்று கண்ணால் காணக்கூடிய வினையைத்தான் எழுத வேண்டும். அந்த வினையைச் செய்துபார்க்கும் நடவடிக்கை இருக்க வேண்டும். அதே வினையை மதிப்பீடு சோதிக்க வேண்டும்.

பல்கலைக்கழகப் பாடத்துக்கும் இதுவே அடிப்படை. ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஜான் பிக்ஸ் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், நோக்கம், கற்றல் நடவடிக்கை, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து நிற்க வேண்டும் என்று விளக்கினார். உயர்கல்வியில் பாடம் வடிவமைப்போர் இன்றும் இதனையே எடுத்தாள்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தமிழாசிரியராகப் போகும் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வலிமிகுதல் பற்றிய ஓர் அலகை இயங்கலையில் அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘ஒரு மாணவனின் கட்டுரையில் உள்ள வலிமிகுதல் பிழைகளைக் கண்டு, காரணம் கூறித் திருத்துவர்’ என்பது நோக்கம். இதற்கு ஒன்றரை மணி நேர விரிவுரையைப் பதிவேற்றிவிட்டு, இறுதியில் விதிகளைக் கேட்கும் பல்தேர்வுக் கேள்விகளை வைத்தால் என்ன ஆகும்? விதியை மனனம் செய்தவர் முழுப் புள்ளி பெறுவார். மறுவாரம் வகுப்புக்குச் சென்று, ‘கதவை திற’ என்று மாணவன் எழுதியிருப்பதைக் கவனியாமல் சரியென்று குறியிடுவார்.

நன்கு அமைந்த அலகு வேறுவிதமாக இருக்கும். முதலில் இரண்டாம், நான்காம் வேற்றுமை விரிகளில் வல்லினம் மிகுவதை விளக்கும் குறுங்காணொலி ஒன்று. அடுத்து, ‘கதவைத் திற’, ‘கடைக்குப் போனான்’, ‘வந்த பையன்’ போன்ற பத்துத் தொடர்கள்; ஒவ்வொன்றுக்கும் விடையளித்தவுடன் மிகுவதற்கோ மிகாமைக்கோ உரிய காரணம் திரையில் தோன்றும். பிறகு, பிழைகள் நிறைந்த ஒரு கட்டுரையைத் திருத்திப் பதிவேற்ற வேண்டும். பயிற்றுநர் அதனைப் பார்த்து, எதை விட்டுவிட்டார் என்று எழுதுவார். இறுதி மதிப்பீட்டில் புதிய கட்டுரை ஒன்று தரப்படும். பயின்றதும் சோதிக்கப்படுவதும் ஒரே திறன். இதற்குப் பகட்டான மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை.

மறுமொழி சொல்ல ஆள் வேண்டும்

என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் முதுகலைப் படிப்புக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயங்கலையில் சேர்ந்தார். பெயர் இங்கே வேண்டாம். மூன்று பிள்ளைகளின் தாய். இரவு பத்து மணிக்குமேல்தான் கணினியைத் திறக்க முடியும். விரிவுரைக் காணொலியில் விரிவுரையாளர் வெண்பலகையைச் சுட்டிச் சுட்டிப் பேசுவார். பலகை படத்தில் விழவே இல்லை. கலந்துரையாடல் பகுதியில் இவர் எழுதிய ஐயத்துக்கு மூன்று வாரமாகியும் மறுமொழி இல்லை. தவணை முடிவில் ஆய்வு முன்மொழிவு ஒன்றை எழுதி ஒப்படைக்கச் சொன்னார்கள். அதுவரை ஒரு பத்தியைக்கூட எழுதிக் காட்டும் வாய்ப்பு அப்பாடத்தில் தரப்படவில்லை.

இரண்டாம் தவணையில் அவர் விலகிவிட்டார். “நாற்பது வயதுக்குமேல் எனக்கு மண்டையில் ஏறவில்லை, டீச்சர்” என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுத்தே தெரியாமல் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளைகளைச் சில மாதங்களில் வாசிக்க வைப்பவர் அவர். அத்தகையவர் தம் மூளையைக் குறை சொன்னார். பாடத்தைக் குறை சொல்லவில்லை. கட்டிய பணம் போனதைவிட, தம்மைப் பற்றி அவர் கொண்டிருந்த நம்பிக்கை போனதே பெரிய இழப்பு.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், கணினிவழிக் கற்றலுக்கு மூவகை இருப்பு வேண்டும் என்றனர். மாணவர் ஒருவரையொருவர் மனிதராக உணர்வது சமூக இருப்பு. ஐயத்தில் தொடங்கித் தெளிவில் முடியும் சிந்தனை, அறிவாக்க இருப்பு. பாடத்தை வடிவமைத்து, உரையாடலை நெறிப்படுத்தி, வேண்டிய இடத்தில் நேரே விளக்குவது கற்பித்தல் இருப்பு. என் தோழியின் பாடத்தில் இம்மூன்றாவது இல்லை. அது இல்லாத இடத்தில் மற்ற இரண்டும் நிலைப்பது அரிது. நம் வகுப்பில் குறைநீக்கல் நடவடிக்கையை எந்தப் பிள்ளைக்கு எப்போது தருவது என்று நாம் முன்கூட்டியே எழுதிவைப்பதில்லையா? பல்கலைக்கழக மாணவரும் எங்கே தடுமாறுவார் என்பதை முன்னுணர்ந்து, அங்கே ஓர் ஆளை நிறுத்துவதே வடிவமைப்பு.

காணொலியும் காலக் கணக்கும்

காணொலியின் நீளம் பற்றிப் பலரும் அறிந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. எடெக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் மாணவர் காணொலி பார்த்த 69 இலட்சம் தடவைகளை ஆய்வாளர்கள் அலசினர். காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் ஈடுபாட்டோடு பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒன்றரை மணி நேர விரிவுரையை அப்படியே ஏற்றுவதால் பயனில்லை என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டுமா?

வெறுமனே மீண்டும் மீண்டும் வாசிப்பதும் போதாது. ரோடிகர், கார்ப்பிக்கே இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தி நின்றனர். ஆகவே, வாரந்தோறும் சிறு சோதனை வைக்கும் பாடத்தை ‘தொல்லை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்தது காலம். நம் நாட்டுத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 40 மணி நேரக் கற்றலைக் குறிக்கும். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். 14 வாரங்களுக்குப் பகிர்ந்தால் வாரம் எட்டரை மணி நேரம். காணொலி, வாசிப்பு, கலந்துரையாடல், இடுபணி அனைத்தும் இதனுள் அடங்க வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் இதனைக் கூட்டிப் பார்த்திருப்பார். வேலைக்குச் செல்பவர் ஒரே தவணையில் இத்தகைய மூன்று பாடங்களை எடுத்தால், வாரத்துக்கு 25 மணி நேரத்துக்குமேல் வேண்டும் என்பதையும் சேருமுன் எண்ணிப் பாருங்கள்.

தரத்தை யார் மதிப்பிடுவது?

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2003-இல் தொடங்கிய ‘குவாலிட்டி மேட்டர்ஸ்’ திட்டம் இத்துறையில் பெயர் பெற்றது. எட்டுப் பொதுத் தரக்கூறுகளைக் கொண்ட மதிப்பீட்டு அட்டவணை ஒன்றை அது பயன்படுத்துகிறது. பயிற்சி பெற்ற மூவர், மாணவர் நிலையில் நின்று பாடத்தை ஆராய்வர். இன்றியமையாத கூறுகள் அனைத்தும் நிறைவேறியிருக்க வேண்டும். மொத்தத்தில் 85 விழுக்காட்டுப் புள்ளிகளும் பெற வேண்டும். குறை இருந்தால் திருத்துவதற்கு வாய்ப்புத் தரப்படும். ஆயினும், அது பாடத்தின் வடிவமைப்பை மட்டுமே மதிப்பிடுகிறது. ஆசிரியர் நாள்தோறும் எப்படிக் கற்பிக்கிறார் என்பது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனவே, தரச் சான்றிதழ் பாதி உண்மையைத்தான் சொல்லும்.

மறுபாதிக்கு மாணவர் கருத்தாய்வைக் காட்டுவார்கள். அதையும் கவனத்தோடு பார்க்க வேண்டும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் செய்யப்பட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வு நேர்முக வகுப்புகளைப் பற்றியது. எனினும் நமக்கும் பொருந்தும். தாமே முயன்று கணக்குகளைத் தீர்த்த வகுப்பில் மாணவர்கள் கூடுதலாகக் கற்றனர். ஆனால், சரளமான விரிவுரையைக் கேட்ட வகுப்பில்தான் கூடுதலாகக் கற்றதாக உணர்ந்தனர்! ‘பாடம் பிடித்திருந்ததா?’ என்ற ஒற்றைக் கேள்வியால் தரத்தை அளக்க முடியாது.

முடித்தவர் தொகை இன்னோர் அளவுகோல். ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆகியவை எடெக்ஸில் வழங்கிய பாடங்களைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, 2017-18-இல் பதிந்தோருள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே முடித்தனர். கட்டணம் செலுத்திச் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தோருள் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் முடித்தனர். இலவசமாக எட்டிப் பார்த்தவர் பலர் என்பதால் முதல் எண்ணை வைத்து அஞ்ச வேண்டியதில்லை. எனினும், பணம் கட்டியவருள்ளும் பாதிக்கு மேற்பட்டோர் விலகினர். எந்த வாரத்தில், எந்த இடுபணியில் மாணவர் விலகினர் என்பதைப் பல்கலைக்கழகம் தேடிப் பார்த்துப் பாடத்தைத் திருத்துகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

சேருமுன் கேளுங்கள்

1. பாடத்தின் நோக்கங்கள் எழுத்தில் உள்ளனவா? அவை காணக்கூடிய செயல்களாக எழுதப்பட்டுள்ளனவா?
2. இறுதி மதிப்பீட்டில் செய்ய வேண்டியதை முன்னரே சிறிய அளவில் செய்து பழக வாய்ப்பு உண்டா?
3. ஐயம் கேட்டால் எத்தனை நாளில் மறுமொழி வரும்? சொல்பவர் யார்? ஒருவருக்கு எத்தனை மாணவர்?
4. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்களா?
5. காணொலிகளுக்கு எழுத்து வடிவம் உண்டா? இணைய வேகம் குறைந்த தோட்டப்புறத்திலும் கைப்பேசி வழி படிக்க முடியுமா?
6. பாடத்தைக் கடைசியாக எப்போது திருத்தினார்கள்? எதைக் கொண்டு திருத்தினார்கள்?

மாதிரிப் பாடம் ஒன்றையும் பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். விண்ணப்பப் பாரத்தை நிரப்புவதற்கு முன் இதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடலாம். நாள் பாடத்திட்டம் எழுதும் எந்த ஆசிரியரும் அதைப் படித்துக் குறை நிறையைக் கண்டுகொள்ள முடியும். பெற்றோர் தத்தம் பள்ளி ஆசிரியரிடம் காட்டிக் கேட்கத் தயங்க வேண்டாம். ஏற்கெனவே சேர்ந்து, இடையில் திணறிக்கொண்டிருப்போரும் இந்த ஆறு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். தமக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டுவதற்கு முன் அவர்கள் பாடத்தையும் ஒருமுறை மதிப்பிட்டுப் பார்க்கட்டும்.