பழைய வண்டிக்கு நம்பிக்கையான மெக்கானிக்



இந்த இரண்டு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், அப்பாவோட பழைய புல்லட் வீட்ல நிக்குது. யாரை நம்பிக் கொடுக்கலாம்?" மூவரில் ஒருவருடைய அப்பா போன வருடம் காலமானார். நம் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சூளை வேலை பார்த்தவர். அந்த வண்டியில்தான் மகனைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார். இப்போது பழைய இரும்புக்காரர் வந்து எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். மகனுக்கு விற்க மனமில்லை; ரிப்பேருக்குக் கொடுத்து ஏமாறவும் பயம். போனில் அவரிடம் சொன்னதையே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் இருப்பது 1984 மாடல் புல்லட் 350. நெய்வேலியில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஆம்பியர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெதுவாக இறக்கி, அதற்குப் பிறகுதான் உதைக்க வேண்டும். இந்த வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மைதானத்திலிருந்து வகுப்புக்குள் ஓடியவர்கள் உங்களில் பலர்!

"கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விடலாமே சார்?" என்று ஒருவர் கேட்டார். விடலாம். ஆனால் அங்கே வேலை செய்யும் இளைஞர்கள் பயிற்சி பெற்றது புது எஞ்சினில். அது அவர்கள் குற்றமில்லை. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. பின்னாளில் இங்கிலாந்துக் கம்பெனி மூடிவிட்டது. நம் ஊர்க் கம்பெனி அதே எஞ்சினைச் செய்துகொண்டே இருந்தது. 1994-இல் ஐச்சர் கைக்கு வந்தது. 2010 வாக்கில் அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் நின்றே போனது. ஜாவா, யெஸ்டி செய்த மைசூர் ஐடியல் ஜாவா 1996-இல் மூடப்பட்டது. யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் அதே வருடத்தோடு நின்றது. ஆக, இந்த வண்டிகளைப் புதிதாக இருந்தபோதே பிரித்துப் பழகியவர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயது. அவர்கள் இருப்பது போர்டு கூட இல்லாத சின்னப் பட்டறைகளில்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் வண்டி பத்து கிலோமீட்டர் ஓடி சூடானதும் நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். வெளியூரில் பெரிய பட்டறை ஒன்றில் விட்டேன், பெயர் வேண்டாம். ஓட்டிக்கூடப் பார்க்காமல், "எஞ்சின் இறக்கணும், போரிங் போடணும்" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் புது பிஸ்டன், புது ரிங், பெரிய பில். கார்பரேட்டரையும் மாற்றியிருந்தார்கள். பழையது எங்கே என்றால், "தூக்கிப் போட்டாச்சு சார்" என்றார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வண்டி பழையபடி நின்றது.

அதன் பிறகுதான் நம் ஊரில் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டார். "சூடானா மட்டும் நிக்குதா? நிக்கறப்ப படபடன்னு அடிச்சு நிக்குதா, சட்டுன்னு நிக்குதா? ஆறினா உடனே எடுக்குதா?" பிறகு தானே வண்டியை எடுத்துக்கொண்டு சேலம் ரோட்டில் ஒரு சுற்று போய், நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். பாயிண்ட் மூடியைத் திறந்து, கிக்கரை உதைக்கச் சொல்லி, தீப்பொறியைக் காட்டினார். "பாயிண்ட்ல இவ்ளோ பொறி பறக்கக் கூடாது சார். கண்டன்சர் போயிடுச்சு. எஞ்சின்ல ஒண்ணுமே இல்ல." நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. நான்கு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூலி தரச் சொன்னார்.

பணம் போனதைவிட எனக்கு வருத்தம் அந்தப் போரிங்தான். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது போரிங். 20, 40 என்று அளவு ஏறிக்கொண்டே போகும். கடைசி அளவு தாண்டினால் உள்ளே புது ஸ்லீவ்தான் இறக்க வேண்டும். தேவையில்லாமல் கடைந்தால் வண்டியின் ஆயுளில் ஒரு படி போய்விட்டது, திரும்ப வராது. தவறான மெக்கானிக்கிடம் பழைய வண்டி இழப்பது இதைத்தான்.

சரி, நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்ப்பவை இவை.

முதலில் வண்டி இல்லாமல் போங்கள். சாயங்காலம் ஒரு டீ சொல்லிவிட்டு அரை மணி நேரம் பட்டறையில் உட்காருங்கள். பிரித்த எஞ்சின் சாமான்கள் வண்டிக்கு ஒரு தட்டாகத் தனித்தனியே இருக்கிறதா? பாதி பிரித்த வண்டிகள் வருடக்கணக்கில் தூசி படிந்து நிற்கிறதா? நின்றால் மெல்ல எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது, கையிலுள்ள கருவி. பழைய புல்லட்டில் இங்கிலீஷ் அளவு நட்டுகள் உண்டு. அதற்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர் தனியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். உளியும் சுத்தியலும் வைத்துக் கழற்றுபவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள். பாயிண்ட் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். புல்லட்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டேப்பட்டை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். புஷ் ராடு விரலால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது.

மூன்றாவது, திறப்பதற்கு முன் யோசிக்கிறாரா? பெட்ரோல் வருகிறதா, கரண்ட் வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பவர்தான் மெக்கானிக். எங்கள் ஆள் முதலில் பிளக்கைக் கழற்றி அதன் பீங்கானைப் பார்ப்பார். காப்பி நிறமாக இருந்தால் சரி. கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் சூடாகும். சூளைத் துளையில் நெருப்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொன்னவர்கள் நம் ஊரில் உண்டு. வெந்த கோப்பையைத் தட்டி, ஓசையிலேயே விரிசலைச் சொன்னவர்களும் உண்டு. இவரும் அதே ரகம். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். செராமிக் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நான்காவது, "தேவையில்லை" என்று சொல்கிறாரா? நான் கிளட்ச் பிளேட் மாற்றச் சொன்னபோது, "இன்னும் ஒரு வருஷம் போகும் சார், காசை வச்சிருங்க" என்றார். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வார். ஒரு உறவினர் யெஸ்டியைக் கொண்டுபோனபோது, "எனக்கு டூ ஸ்ட்ரோக் கை வராது, அதுக்கு வேற ஆள் இருக்கார்" என்று அனுப்பிவிட்டார். இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

ஐந்தாவது, முதலில் சின்ன வேலை கொடுங்கள். கிளட்ச் கேபிள், பிரேக் ஷூ, பாயிண்ட் செட்டிங். அதில் நேர்மை தெரிந்தால் எஞ்சினைக் கொடுக்கலாம். கொடுக்கும்முன் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், கார்பரேட்டர், மேக்னட் பக்கம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமான்களை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நல்லவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கேட்கும் முன்பே கொடுத்துவிடுவார். ஸ்பேர் கிடைக்கவில்லை என்றால் சென்னையில் புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் தேடலாம். மாதிரிக்குப் பழைய சாமான் கையில் இருந்தால்தான் அங்கே பொருத்திப் பார்த்து வாங்க முடியும். அதற்காகவும் அந்தப் பை வேண்டும்.

இனி நம் பக்கம். ஒரு கார்பரேட்டரைச் சுத்தம் செய்து சரியாக வைக்க அவருக்கு அரை நாள் ஆகும். அந்த நேரத்தில் மூன்று ஸ்கூட்டர் சர்வீஸ் முடித்துவிடலாம். நாமோ "ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினதுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறோம். எதைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்ததற்குத்தான் கூலி. அவருடைய மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். பட்டறையில் கற்றுக்கொள்ள இப்போது பையன் யாரும் இல்லை. "வந்தா சொல்லித் தரேன் சார், ஆனா யார் வரா?" என்று கேட்டார். அவர் கை ஓய்ந்தால் நம் பக்கத்துப் பழைய வண்டிகள் பாதி ஓய்ந்துவிடும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சம்பளத்தையும் முன்கூட்டியே பேசி வைக்கிறேன்.

அவர் பெயரை இங்கே போடவில்லை. "கூட்டம் வந்தா வேலை கெட்டுப்போகும் சார்" என்று கேட்டுக்கொண்டார். வேண்டியவர்கள் போன் செய்யுங்கள், வழி சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். பட்டறைக்குப் போகும் முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். பதிவு 15 வருடம் வரைதான், அதன் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு 50 வருடம் தாண்டிய, அசல் மாறாத வண்டிகளுக்கு மட்டுமே. அதில் பதிவு செய்தால் தினசரி ஓட்ட முடியாது. அப்பா பெயரில் இருக்கும் வண்டி என்றால் வாரிசுச் சான்றிதழோடு முதலில் பெயர் மாற்றுங்கள். அது முடியட்டும், பிறகு பிளக்கைக் கழற்றலாம்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்